அவள் எழுந்து நின்றபோது

ஆம்பூரில் எங்கள் சபைக்கு ஒன்பது ஆண்டுகள் தலைவனாக இருந்தேன். அந்தக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எழுந்து நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தேன். வேண்டாம், உட்கார் என்று பொருள். அவள் உட்கார்ந்தாள். நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் சொன்னால் கேட்பவர்களுக்கு என்மேல் இரக்கம் வந்துவிடுகிறது. அதனால் முன்னும் பின்னும் நடந்ததையும் எழுதுகிறேன்.

சபை என்றால் மடம் அல்ல. கத்தோலிக்கத் துறவிகளின் கார்மேல் சபையில் குருக்களும் கன்னியரும் இருப்பதுபோல, வீடும் வேலையும் பிள்ளைகளுமாக ஊருக்குள் வாழ்கிறவர்களுக்கும் ஒரு பிரிவு உண்டு. பழைய ஆட்கள் மூன்றாம் சபை என்பார்கள். காலையும் மாலையும் திருப்பாடல்கள் சொல்லிச் செபிக்க வேண்டும். தினமும் அரைமணி நேரம் வாய் திறக்காமல் கடவுள் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை, இரண்டாம் ஞாயிறு, எல்லோரும் கூட வேண்டும். புதிதாக வருபவர் ஆறு ஆண்டுகள் பயிற்சியில் இருந்த பிறகே, சாகும்வரை இப்படி வாழ்வேன் என்ற வாக்குறுதியைக் கொடுக்க முடியும்.

ஆம்பூரில் நாங்கள் பதினொரு பேர். எட்டுப் பேர் ஓய்வு பெற்றவர்கள். நான் ஒரு பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தவன். சபையின் செயலர் அதே பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சர். மீதி மூவரில் ஒருத்திதான் நான் சொல்லும் பெண். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. வயது முப்பத்தெட்டு இருக்கும். கணவர் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்; முதலில் மாதம் ஒருமுறை வந்தார், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார். வீட்டில் அவளுடைய அப்பா மட்டும். டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டியே வாழ்நாளைக் கழித்தவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் மிச்சமிருந்தது.

ஞாயிறு ஓவர்டைமை விட்டுவிட்டு அவள் கூட்டத்துக்கு வருவாள். அப்பாவைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வைத்து, கதவை வெளியே பூட்டிவிட்டு வருவாள். திறந்து போட்டால் தெருநாய் உள்ளே போய்விடும்; விரட்ட அவரால் முடியாது. ஐந்தரை ஆண்டுகளில் ஒரு கூட்டத்தைக்கூட அவள் தவறவிட்டதில்லை. வரப்போகும் ஜூலையில், கார்மேல் மாதா திருநாளன்று, அவள் வாக்குறுதி கொடுப்பதாக இருந்தது. அன்றைக்குக் கட்ட ஒரு வெள்ளைச் சேலை வாங்கி வைத்திருப்பதாக டீச்சரிடம் சொல்லியிருந்தாள்.

எங்களில் படிப்புக் குறைந்தவள் அவள். ஒருமுறை பயிற்சி வகுப்பில், “மௌன செபத்துல தூக்கம் வந்துட்டா பாவமா சார்? ஷிப்ட் முடிச்சு வந்து உக்காந்தா கண்ணு தானா மூடிக்குது” என்று கேட்டாள். நான் மனத்தை ஒருநிலைப்படுத்துவது பற்றிக் கால்மணி நேரம் விளக்கினேன். டீச்சர், “தூங்கினா தூங்கு. அவர் பக்கத்துலதானே தூங்குற” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வகுப்பில் வேறொருவர் பதில் சொன்னது பிடிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தை நான் எப்படி நடத்தினேன் என்பதைச் சொல்ல வேண்டும். மௌன நேரம் தொடங்குமுன் எல்லோருடைய போனும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போகும். டின் என் நாற்காலிக்கு அடியில் இருக்கும். மௌனத்தின் நடுவே யாருக்காவது வெளியே போக வேண்டியிருந்தால் எழுந்து நின்று என்னைப் பார்க்க வேண்டும். நான் சரி என்று தலையசைத்தால் போகலாம். சபையின் சட்டத்தில் இதெல்லாம் கிடையாது. நானே கொண்டுவந்தது. இத்தனை காலம் பள்ளிக்கூடத்தில் இருந்தவனுக்கு ஓர் அறையை வேறு எப்படி நடத்துவது என்று தெரிந்திருக்கவில்லை. யாரும் மறுத்துச் சொல்லவில்லை என்பதால் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் ஒரு புயல் சென்னைக்குப் பக்கத்தில் கரை கடந்தது. எங்கள் பக்கத்தில் புயல் என்றால் காற்று அல்ல, மழைதான். சனிக்கிழமை காலை பிடித்தது ஞாயிறும் விடவில்லை. பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்று கேட்டு, மணலை மட்டுமே பார்த்துப் பழகிய ஊர், குடையும் போனுமாகப் பாலத்துக்குப் போனது. மலைப்பக்கமிருந்து ஊர் வழியாகப் பாலாற்றுக்கு இறங்கும் கானாற்றை யாரும் நினைக்கவில்லை. அவளுடைய தெரு அந்தக் கானாற்றை ஒட்டியது. தெருவுக்குப் பின்னால் ஒரு டேனரி.

கூட்டத்தைத் தள்ளி வைக்கலாமா என்று டீச்சர் காலையில் போன் செய்து கேட்டார். வேண்டாம் என்றேன். சபையின் சார்பில் எங்களைக் கவனித்துக்கொள்ளும் குரு, மழைக்கு முன்பே வெள்ளிக்கிழமை வந்து பங்குக் கோயிலில் தங்கியிருந்தார். பதினொரு பேர் கொண்ட குழு தனியாக நீடிக்கலாமா, அல்லது சத்துவாச்சாரியில் இருக்கும் பெரிய குழுவோடு சேர்த்துவிடலாமா என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். சேர்ந்துவிட்டால் நான் தலைவன் இல்லை. இதை அப்போது இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. ஆம்பூர் சபையின் மரியாதை என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது பேர் வந்தார்கள். அவளும் வந்தாள்; சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. தெருவில் தண்ணீர் ஏறுகிறதா என்று நான் கேட்கவில்லை. எங்கள் கூடம் கோயில் வளாகத்தில் மாடியில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மழை மட்டும்தான் தெரிந்தது. அன்று மௌன நேரத்தை அரைமணியிலிருந்து ஒரு மணியாக்குகிறேன் என்று அறிவித்தேன். புயலில் சிக்கியவர்களுக்காக என்றேன். குரு தலையசைத்துக் கண்ணை மூடினார்.

பத்து நிமிடம் போயிருக்கும். டின்னுக்குள் ஒரு போன் அதிரத் தொடங்கியது. மணியோசையை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆனால் தகரத்தில் பட்டு அது கூடம் முழுக்கக் கேட்டது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. நான் குருவைப் பார்த்தேன். கண் மூடியே இருந்தது. மூன்றாம் முறை அதிர்ந்தபோது அவள் எழுந்து நின்றாள்.

என்னைப் பார்த்தாள். என் நாற்காலியின் அடியைப் பார்த்தாள். பிறகு சன்னலைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தாள். கேள்வி தெளிவாக இருந்தது. புரியவில்லை என்று நான் ஒருபோதும் சொல்ல முடியாது. வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவள் உடனே உட்காரவில்லை. ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லி முடிக்கும் நேரம், கால் நிமிடம்போல, நின்றிருப்பாள். பிறகு உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டின் ஓயவில்லை. நான் தோளில் போட்டிருந்த சால்வையை எடுத்து, சத்தமில்லாமல் குனிந்து, டின்னின்மேல் மடித்துப் போட்டேன். சத்தம் அடங்கிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தின் மீதியை நான் நன்றாகச் செபித்ததாகவே நினைத்தேன்.

முடிந்ததும் குரு, இப்படியொரு மௌனத்தை இளம் துறவிகளிடம்கூடத் தான் பார்த்ததில்லை என்றார். நான் அந்த மகிழ்ச்சியில் டின்னைத் திறந்து போன்களைக் கொடுத்தேன். அவள் தன் போனைப் பார்த்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள். குருவுக்காகக் கடையிலிருந்து பிரியாணி வரவழைத்திருந்தேன். மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நடந்தது எனக்குச் செவ்வாய்க்கிழமை டீச்சர் சொல்லித்தான் தெரியும். கானாறு கரை உடைந்து, டேனரியின் கழிவுநீர்த் தொட்டியையும் வழித்துக்கொண்டு தெருவுக்குள் புகுந்திருக்கிறது. மயிரும் கொழுப்பும் மிதக்கும் கறுப்புத் தண்ணீர். பக்கத்து வீட்டில் ஒரு பாய். பிரியாணிக் கடையில் சமையல் மாஸ்டர். பூட்டின வீட்டுக்குள்ளிருந்து பெரியவர் கூப்பிடுவது கேட்டு, சாவிக்காக அவளுக்கு விடாமல் போன் செய்திருக்கிறார். கடைசியில் அவரும் அவருடைய தம்பியும் கம்பியால் பூட்டை நெம்பி உள்ளே போனபோது, பெரியவர் கட்டிலில் சாய்ந்தபடி மார்பளவு தண்ணீரில் இருந்தார். தோளில் தூக்கிக்கொண்டு போய் மதரசாவில் படுக்க வைத்தார்கள். முக்கால் மணி நேரம் அவர் அந்தத் தண்ணீரில் இருந்ததாகச் சொன்னார்கள்.

அந்த மாதக் கூட்டத்தின் குறிப்பை டீச்சர் எழுதிக்கொண்டு வந்தபோது, ஒரு வரியை நானே சொல்லி எழுத வைத்தேன்: கடும் மழையிலும் கூட்டம் ஆழ்ந்த அமைதியில் நடந்தது. டீச்சர் பேனாவை ஒரு நொடி நிறுத்தினார். பிறகு எழுதினார்.

ஊர் மெல்ல மெல்லச் சேற்றிலிருந்து வெளியே வந்தது. எங்கள் சபை மதரசாவுக்கு ஒரு மூட்டை அரிசியும் பழைய போர்வைகளும் அனுப்பியது. நான் போகவில்லை, ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அவள் மதரசாவிலேயே மூன்று வாரம் இருந்தாள் என்றும், வேலை முடிந்து வந்து அங்கே மற்ற பெண்களோடு வெங்காயம் உரிக்கிறாள், வீடு வீடாகச் சேறு வாருகிறாள் என்றும் கேள்விப்பட்டேன். ஜனவரிக் கூட்டத்துக்கு அவள் வரவில்லை. பிப்ரவரியில் அவளுடைய அப்பாவுக்குச் சளி மார்பில் இறங்கி, தவக்காலம் தொடங்கிய வாரத்தில் இறந்தார். டாக்டர் காரணம் என்ன சொன்னார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. சபை உறுப்பினர் வீட்டில் சாவு என்றால், நாங்கள் எல்லோரும் போய் அங்கே மாலைச் செபம் சொல்வது வழக்கம். தலைவன்தான் எல்லோருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். நான் சொல்லவில்லை. கோயிலில் பூசைக்கு மட்டும் போய்க் கடைசி வரிசையில் நின்று, கல்லறைக்குப் புறப்படுமுன் வந்துவிட்டேன். ரத்த அழுத்தம் என்று சொன்னேன்.

இதற்கடுத்து நான் செய்ததை எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுத வேண்டியது அதுதான்.

எழுதித் தெரிவிக்காமல் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத பயிற்சியாளரின் பெயரை எடுத்துவிடலாம் என்று எங்கள் குழுவில் ஒரு விதி இருந்தது. புயலுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் மூன்று மாதம் வரவில்லை. அவர்கள் இருவருக்கும் நானே போன் செய்து, ஒரு வரி எழுதிக் கொடுங்கள், போதும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அவளுக்குப் போன் செய்யவில்லை. அவள் மூன்றாம் முறையும் வராமல் இருக்க வேண்டும் என்று காத்திருந்தேன். மார்ச் கூட்டத்தில், விதிப்படி அவள் பெயரை எடுப்பதாகச் சொன்னேன். யாராவது ஏன் என்று கேட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

ஏன் செய்தேன் என்று இப்போது தெரியும். அவள் திரும்பி வந்து அந்தக் கூடத்தில் உட்கார்ந்தால், ஒவ்வொரு மாதமும் நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருக்க வேண்டும். அது என்னால் முடியாது. அவள் செய்யாத தவறுக்கு அவளை வெளியே அனுப்புவது என்னால் முடிந்தது.

ஜூலையில் கார்மேல் மாதா திருநாள் வந்தது, போனது. அவளை யாரும் கூப்பிடவில்லை. மழையில் ஊறிய மாடிக் கூடத்தின் சுவர் விரிசல் விட்டு, கோயில் நிர்வாகம் அதைப் பூட்டிவிட்டது. ஒருவர் இறந்தார். இருவர் பிள்ளைகளோடு இருக்கச் சென்னைக்குப் போனார்கள். மற்றவர்களுக்கு முட்டிவலி, கண் ஆபரேஷன். நாங்கள் டீச்சர் வீட்டு முன்னறையில் ஐந்தாறு பேராகக் கூடினோம். அடுத்த பிப்ரவரியில், குரு என்னையும் டீச்சரையும் சத்துவாச்சாரிக்குக் கூப்பிட்டு, இனி அந்தக் குழுவோடு சேர்ந்துவிடுங்கள் என்று பரிவோடுதான் சொன்னார். பெயர்ப் பட்டியலை வாங்கிப் பார்த்தவர், “ஷூ கம்பெனில வேலை செய்ற ஒரு சிஸ்டர் இருந்தாங்களே, வாக்குறுதி கொடுக்க வேண்டியவங்க? அவங்க பேரைக் காணோமே” என்றார்.

“வர்றதை விட்டுட்டாங்க ஃபாதர். ஆர்வம் குறைஞ்சு போச்சு” என்றேன்.

டீச்சர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. பிறகு, முன் சீட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“சார், அன்னைக்கு அந்தப் பொண்ணு எழுந்து நின்னதை நானும் பாத்தேன். கண்ணை மூடிக்கிட்டேன். நீங்க சால்வையைப் போட்டதையும் பாத்தேன். கண்ணை மூடிக்கிட்டுத்தான் நானும் ஒரு வருஷமா செபம் சொல்லிக்கிட்டு இருக்கேன். நடந்ததை நீங்க போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். ஆனா நீங்க சொல்றதுதான் முறை.”

அடுத்த ஞாயிறு மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். தெருவில் சுவர்களில் இடுப்புயரத்துக்கு இன்னும் கறுப்புக் கோடு இருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் பாய் பிரியாணி செய்யும் ஒரு பெரிய டேக்சாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா சார், வழி தெரிஞ்சுதா? ஒரு வருஷம் ஆச்சே. மழை இல்லாத நாளாப் பாத்து வந்துட்டீங்க.”

அவளைப் பார்க்க வந்தேன் என்றேன்.

“அன்னைக்குப் பதினோரு தபா போன் அடிச்சேன் சார். பதினோரு தபா. டப்பாவுல போட்டு மேல உக்காந்துக்கினு சாமி கும்பிட்டீங்களாமே. எங்களுக்கும் நமாஸ் இருக்குது. தெருவுல தண்ணி வந்தா தொழ வைக்கிற ஹஜ்ரத்தே பாதில எழுந்து ஓடியாருவாரு.” டேக்சாவைத் திருப்பிப் போட்டார். “போங்க. அது உள்ளதான் இருக்குது. அது உங்களை ஒரு வார்த்தை சொல்லாது. அதுதான் எனக்குப் பேஜாரு.”

அவள் கதவுக்கு வந்து, “வாங்க சார், உக்காருங்க” என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். கட்டில் இருந்த இடத்தில் ஒரு தையல் மெஷின் இருந்தது. நான் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். தலையசைத்தது, பெயரை எடுத்தது, மற்ற இருவருக்குப் போன் செய்தும் அவளுக்குச் செய்யாதது, குருவிடம் பொய் சொன்னது. மன்னித்துக்கொள் என்றேன். அவள் முந்தானை நுனியைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க தலையாட்டினதால நான் உக்காரல சார்” என்றாள். “கம்பெனில பாத்ரூம் போகணும்னாகூட எழுந்து நின்னு சூப்பர்வைசர் மூஞ்சப் பாக்கணும். அவர் வேணாம்னா உக்காந்துடுவோம். பதினாறு வருஷமா அப்படித்தான். அன்னைக்கு இங்கயும் அதே மாதிரி நின்னேன், அதே மாதிரி உக்காந்துட்டேன். கோயில்ல இருக்கோம், இங்க அப்படி இல்லன்னு எனக்குத் தோணவே இல்ல. அதை நெனச்சுத்தான் அழுவேன்.”

மெஷின்மேல் கிடந்த துணியை மடித்து வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“அப்பா கேட்டாரு, ஏன்மா போன் எடுக்கலைன்னு. டவர் இல்லப்பா, புயலுன்னு சொன்னேன். சாவுறவரைக்கும் டவர்காரனத்தான் திட்டிக்கினு இருந்தாரு.”

அதைச் சொல்லும்போது அவள் லேசாகச் சிரித்தாள். நான் டீ கிளாசைக் கீழே வைத்தேன்.

“எங்கிட்ட இன்னாத்துக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க.”

சொன்னேன். மார்ச் மாதம் சத்துவாச்சாரியில் இரண்டு குழுவும் சேர்ந்து கூடிய முதல் கூட்டத்தில், முப்பது பேருக்கு முன்னால் எழுந்து சொன்னேன். அவள் கதையைச் சொன்னேன், விதியை வைத்து நான் செய்ததைச் சொன்னேன், குறிப்பில் எழுத வைத்த வரியைச் சொன்னேன். சால்வையைச் சொல்லவில்லை. அந்த இடம் வந்தபோது நாக்கு தானாகவே தாண்டிப் போய்விட்டது. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். இங்கே எழுதியிருப்பதுதான் முதல்முறை.

கூட்டம் முடிந்ததும் பலர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த வயதில் இவ்வளவு தாழ்ச்சி யாருக்கு வரும் என்றார் ஒருவர். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பேச்சு எனக்கு இதமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவமானத்தைச் சொல்லப் போன இடத்தில் பாராட்டு வாங்கிக்கொண்டு நின்றேன். குரு மட்டும் கையைப் பிடிக்கவில்லை. எல்லோரும் விலகும்வரை காத்திருந்து, “சரி, அந்தப் பொண்ணுக்கு இப்ப நாம என்ன செய்யப் போறோம்?” என்று கேட்டார். ஒரு மணி நேரம் பேசியும் அந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

புதிய குழுவின் நிர்வாகிகள் உட்கார்ந்து பேசினார்கள். பெயரை எடுத்தது செல்லாது. அவளுடைய ஐந்தரை ஆண்டுகள் அப்படியே இருக்கின்றன. வரும் ஜூலைத் திருநாளில் அவள் வாக்குறுதி கொடுக்கலாம். எல்லோரும் கையெழுத்திட்ட கடிதத்தை என்னிடமே கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு மனம் லேசாகிவிட்டது. ஒரு வருடம் தாமதம், அவ்வளவுதான், சரியாகிவிடும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனேன்.

கடிதத்தை அவள் வாசலிலேயே நின்று இரண்டு முறை படித்தாள். மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“வரேன் சார். சத்துவாச்சாரிக்கு வரேன். ஆனா புதுசாச் சேர்றேன்.”

எனக்குப் புரியவில்லை. புதிதாகச் சேர்ந்தால் முதலிலிருந்து ஆறு ஆண்டுகள் என்றேன். அவளுக்குத் தெரியாதது அல்ல.

“தெரியும் சார். இந்த லெட்டரை வாங்கிக்கினு வந்தா, நீங்கல்லாம் பாத்து மன்னிச்சுச் சேத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வர்றவங்க போறவங்க எல்லாம், அந்தப் பொண்ணு, பாவம், அதுக்கு இப்படி நடந்துச்சுன்னு சொல்லுவாங்க. நான் ஒரு தப்பும் பண்ணல. யாரும் என்னைத் திரும்பச் சேக்க வேணாம். நானாச் சேர்றேன்.”

“ஆறு வருஷம்மா” என்றேன். எனக்காகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அன்று எனக்கு எழுபத்தேழு.

“இருக்கட்டும் சார். செபம் பண்றதுக்குத்தானே வர்றோம். அது இன்னிக்கே பண்ணலாமே.”

பக்கத்து வாசலில் பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

மே மாதம் அவள் வந்தாள். ஆம்பூரிலிருந்து காலை ஆறரை பஸ். எனக்கு இப்போது அங்கே எந்தப் பொறுப்பும் இல்லை, கேட்கவும் இல்லை. முப்பது பேரில் ஒருவனாக உட்காருகிறேன். அவள் என்னைப் பார்த்தால், எல்லோருக்கும் சொல்வதுபோல், “ஸ்தோத்திரம் சார்” என்கிறாள். முதல் மாதம் அதில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். கோபமோ, பரிவோ, ஏதாவது. ஒன்றும் இல்லை. எனக்கென்று தனியாக ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தவன் நான்தான்.

ஜூலையில் கார்மேல் மாதா திருநாள். பூசைக்குப் பிறகு வேறு இரண்டு பேர் வாக்குறுதி கொடுத்தார்கள். கைதட்டினோம். புதியவர்களுக்கான வகுப்பு பக்கத்து அறையில் நடந்தது. அதை எடுப்பவர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த ஓர் இளம் வங்கி ஊழியர். அன்றைக்குத்தான் முதன்முதலாக வகுப்புக்குப் பொறுப்பேற்றிருந்தார். மார்ச் கூட்டத்துக்கு வராதவர், எதுவும் அறியாதவர். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்ததால் திறந்த கதவு வழியாகக் கேட்டது. ஒவ்வொருவரையும், சபைக்கு வந்து எவ்வளவு நாளாகிறது என்று அவர் விசாரித்துக்கொண்டே வந்தார்.

“ரெண்டு மாசம் ஆகுது மேடம்” என்றது அவள் குரல்.

“அப்ப இந்தச் செபப் புத்தகம் கொஞ்சம் குழப்பும். பயப்படாதீங்க, இன்னைக்கு எந்தப் பக்கத்துல ஆரம்பிக்கணும்னு காட்டுறேன்” என்றார் அவர்.

அவள் அந்தப் புத்தகத்தை ஐந்தரை ஆண்டுகள் கையில் வைத்திருந்தவள். காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு போவாள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். எழுந்து போய், இவளுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எந்த உரிமையில்? நான் அழித்த வருடங்களை அவள் சொல்லாமல் விட்டிருக்கிறாள். நான் போய் அவற்றைச் சொன்னால், மறுபடியும் அவளுக்காக நான் முடிவு செய்தவன் ஆவேன்.

உட்கார்ந்திருந்தேன். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. “சரிங்க மேடம்,” என்றாள் அவள். “இங்கயிருந்தா?”